ஒரு பிடி மிச்சம்

ஜமுனாமரத்தூரில் பேருந்தை விட்டு இறங்கி, சடையன் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஜவ்வாது மலையில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு சடையன் மேல்தான் விழ வேண்டும். சி.டி. சடையன் வீடு என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் டீக்கடையில் இருக்கிற அத்தனை பேரும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வழி சொல்வார்கள். வழியோடு விடமாட்டார்கள். "எங்க அக்கா கல்யாணப் பாட்டு அவுரு வூட்லதான் புடிச்சது" என்று ஒரு கதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

சடையனுக்கு இருப்பது கொஞ்சம் சாமைக் காடு, சில புளிய மரங்கள், ஓர் ஓட்டு வீடு, சுந்தரம்மாள் என்கிற மனைவி. கலசப்பாக்கத்தில் நர்ஸ் வேலை பார்க்கிற ரேணுகாதேவி என்று ஒரே மகள். இதில் எதைப் பற்றியும் அவர் பெருமை பேசி யாரும் கேட்டதில்லை. பெருமையெல்லாம் அந்தப் பெட்டிக்குத்தான் போய்ச் சேரும். வீட்டிலேயே வைத்து நேராக சி.டி.யில் பதிவு செய்கிற பெட்டி அது. கம்ப்யூட்டர் தேவையில்லை. மைக்கைச் செருகி, சிவப்புப் பொத்தானை அமுக்கினால் பேசுவதும் பாடுவதும் தட்டில் ஏறிவிடும்.

இளவயதில் சடையன் வாணியம்பாடியில் முகமது பாயின் தோல் கிடங்கில் காவலுக்கு இருந்தார். பாயின் மைத்துனர் துபாயிலிருந்து கொண்டுவந்த பெட்டி இது. பாய் தன் அப்பாவின் பழைய கேசட்டுகளை எல்லாம் சி.டி.க்கு மாற்றிக்கொண்டார். அதன்பிறகு பெட்டி மேசைக்கடியில் தூசு தின்றுகொண்டு கிடந்தது. நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் சடையன் வேலையை விட்டு மலைக்குத் திரும்பியபோது, "இன்னா வேணும் சடையா, கூச்சப்படாம கேளு" என்றார் பாய். சடையன் மேசைக்கடியில் கையைக் காட்டினார்.

பாய் சிரித்துவிட்டார். "மலையில கரண்டே ஒழுங்கா வராது. இத வெச்சிக்கினு இன்னாடா பண்ணப்போற?"

ஆனாலும் கொடுத்தார். ஒரு கட்டு வெறும் தட்டுகளையும் கொடுத்து, பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லித் தந்தார். "பாட்டு ஏத்தி முடிச்சதும் இந்தப் பட்டன அமுக்கி மூடணும். மூடிட்டா அது எந்த மிஷின்லயும் பாடும், ஆனா அதுக்கு மேல எதுவும் ஏத்த முடியாது. மூடலேன்னா இடம் இருக்கிற வரிக்கும் ஏத்தலாம், ஆனா இந்தப் பெட்டியத் தவுர வேற எதுலயும் பாடாது. நெனப்புல வெச்சிக்கோ."

சடையன் நினைப்பில் வைத்துக்கொண்டார். மூடாத தட்டு பெற்ற தாயிடம் மட்டும் பால் குடிக்கிற கன்றுக்குட்டி என்று மலையில் எல்லோருக்கும் விளக்கமும் சொல்லிவந்தார்.

பெட்டிக்குக் குணம் கொஞ்சம் அதிகம். கம்ப்யூட்டருக்கென்று விற்கிற மலிவுத் தட்டைப் போட்டால் மதிக்காது, வெளியே தள்ளிவிடும். பாட்டுக்கென்றே செய்த தட்டுதான் வேண்டும். பதிவு நடக்கும்போது கரண்ட் போனால் அந்தத் தட்டு பாழ். அதனால் சடையன் வீட்டில் பதிவு என்றால் அது ஒரு திருவிழா மாதிரி. கோழிகளைத் துரத்தி, நாயை மேட்டுக்கு ஓட்டி, பக்கத்து வீட்டு மிக்ஸியை நிறுத்தச் சொல்லி, ஸ்டெபிலைசரைத் தொட்டுக் கும்பிட்டு, அப்புறம்தான் சிவப்புப் பொத்தான். முடிந்ததும் மூடுகிற பொத்தானை அமுக்கிவிட்டுக் கைகட்டி நிற்பார். விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடத்தில் யாரும் எழுந்து நடக்கக்கூடாது, இருமக்கூடாது. இருமினால் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது என்று ரேணுகா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டாள். சடையன் காதில் வாங்கியதில்லை.

"டிவி மூணு போச்சி, மிக்ஸி போச்சி, என் பல்லுகூடப் போச்சி. இது ஒரு நாளு மக்கர் பண்ணதில்ல" என்பார். உண்மைதான். சுந்தரம்மாள் பழைய சேலையில் தைத்துக் கொடுத்த உறைக்குள், எறும்புக்குப் பயந்து வைத்த கற்பூர வாசனையோடு, அது பெண் வீட்டார் வந்து பார்க்கப்போகிற மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும்.

ஊர் உலகத்துத் தட்டையெல்லாம் தவறாமல் மூடிக் கொடுத்த மனிதர், தன் வீட்டுத் தட்டை மட்டும் மூடவில்லை.

அது சுந்தரம்மாள் பாடிய தட்டு. வேலை செய்யும்போது பாடுவாளே தவிர, மைக்கைப் பார்த்தால் வாயைத் தைத்துக்கொள்வாள். பல நாள் கெஞ்சி, ஒருநாள் மத்தியானம் முறத்தைக் கையில் கொடுத்துப் புடைக்கச் சொல்லி, பக்கத்தில் மைக்கை வைத்துப் பிடித்த பாட்டு. மூன்று பாட்டு. மூன்றாவது முடிந்ததும், எல்லாம் நின்றுவிட்டது என்று நினைத்து அவள் சொன்னாள்: "ஏங்க, கஞ்சி ஆறிப்போச்சி. வந்து குடிச்சிட்டு அப்பாலிக்கி அந்தப் பெட்டியக் கட்டிக்கினு அழுவுங்க."

சடையனுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "அடிப்பாவி, அதுவும் ஏறிடுச்சி! இத அழிக்க முடியாது தெரியுமா?" என்று கத்தினார். அவள் சிரித்தாள். பெட்டியை நிறுத்தக்கூட அவருக்கு அப்போது தோன்றவில்லை. அந்தச் சிரிப்பும் ஏறிவிட்டது.

பிறகு மூடப்போனபோது அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எடம் இருக்குதா இன்னும்?"

"இருக்குது, கொஞ்சம்."

"அப்ப வுடுங்க. குதிருல சாமைய வழிச்சித் தொடச்சா எடுக்கறோம்? ஒரு பிடி மிச்சம் வெக்கறோம் இல்ல? மிச்சம் வெச்சாதான் அடுத்த வருசம் ரொம்பும். அது மாதிரி இருக்கட்டும். இன்னொரு நாளு பாடறேன்."

அவர்கள் வீட்டில் தானியம் கொட்டிவைக்கும் குதிரைக் காலியாக்கும் பழக்கமில்லை. அடியில் ஒரு பிடி கிடக்க வேண்டும், அது வீட்டின் நம்பிக்கை. சடையனுக்கும் அது நியாயமாகவே பட்டது. உறையைப் போர்த்திவிட்டுக் கஞ்சி குடிக்கப் போனார். இன்னொரு நாள் என்பது வரவே இல்லை. கேட்கிறபோதெல்லாம் புளி உலுக்க வேண்டும், மாடு ஈன வேண்டும், ரேணுகாவுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்று ஏதாவது ஒன்று வந்து நிற்கும். பாடுவதற்கு என்ன அவசரம், தொண்டை எங்கே போய்விடும் என்று இருவருமே இருந்துவிட்டார்கள்.

தொண்டைதான் போனது. முதலில் குரல் கரகரத்தது. புளித்தூசு என்றார்கள், பனி என்றார்கள். ரேணுகா ஒருநாள் வந்து கேட்டுவிட்டு, மறுநாளே வேலூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். குரல்வளையை எடுத்தால் உயிரைக் காப்பாற்றலாம், பேச்சு வராது என்று டாக்டர் சொன்னார். சுந்தரம்மாள் சரி என்று தலையாட்டிவிட்டாள். சடையன்தான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார்.

கழுத்தில் துளையும் அதன்மேல் வெள்ளைத் துணியுமாக அவள் படுத்திருந்த நாட்களில், அவர் தனக்குத் தானே ஒன்று சொல்லிக்கொண்டார்: குரல் வீட்டில் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. இந்த ஒரு நினைப்பு இல்லாவிட்டால் அந்த வராந்தாவில் அவரால் ஒரு நாள்கூட உட்கார்ந்திருக்க முடியாது.

மழைக்காலம் முழுவதும் வீடு பூட்டிக்கிடந்தது, மாட்டையும் கோழிகளையும் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொண்டார்கள். திரும்பி வந்த அன்று, பையைக்கூடக் கீழே வைக்காமல் உறையை எடுத்தார். கற்பூரம் கரைந்து போயிருந்தது. உறையில் ஈர வாசனை. தட்டைப் போட்டார். பெட்டி கொஞ்ச நேரம் முனகியது. பிறகு பச்சை எழுத்தில் காட்டியது: தட்டு இல்லை.

வெளியே எடுத்துத் துடைத்துப் போட்டார். இல்லை. வேறு தட்டைப் போட்டார். அதுவும் இல்லை. ஒரு நாளும் மக்கர் பண்ணாத பெட்டி, கண்ணெதிரே இருக்கிற தட்டை இல்லை என்று சாதித்தது.

சுந்தரம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, போகட்டும் விடுங்கள் என்பதுபோல் கையை அசைத்தாள். சடையனுக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "உனக்கு இன்னா, நீ வுட்ருவ! கேக்கறவன் நான் இல்ல?" என்று கத்தினார். கத்தியபிறகுதான், திருப்பித் திட்ட அவளால் முடியாது என்பது உறைத்தது. முன்பெல்லாம் அவர் ஒன்று சொன்னால் அவள் பத்து சொல்வாள். இப்போது வீடு சும்மா இருந்தது. அவர் வெட்கத்தோடு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

இரண்டொரு நாளில் பெட்டியைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, பேருந்தில் மலையிறங்கினார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் குழந்தையை அணைப்பதுபோல் அணைத்துக்கொண்டார். போளூரில் பாண்டுரங்கன் கடை. முன்பு டேப், டிவி பழுது பார்த்த கடை, இப்போது வாசல் நிறைய கண்காணிப்பு கேமரா. விஷயம் கேட்டு ரேணுகாவும் கலசப்பாக்கத்திலிருந்து வந்துவிட்டாள்.

பாண்டுரங்கன் பெட்டியைத் திறந்து, "லென்ஸ் மேல பூசணம் புடிச்சிருக்குது அண்ணே" என்றான். பஞ்சால் துடைத்து, எதையோ திருகி, மூடினான். பலமுறை திணறிவிட்டுப் பெட்டி தட்டைப் பார்த்தது. மூன்று பாட்டு என்று எண் காட்டியது. சடையனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுத்த நிமிடம் எண் மறைந்தது. மறுபடி திணறியது, மறுபடி காட்டியது.

பாண்டுரங்கன் தட்டை எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் போட்டான். ஒன்றும் இல்லாத தட்டு என்றது. வாசலில் நின்ற காரில் போட்டான். காரும் துப்பியது. "மூடலியா அண்ணே நீங்க?"

"இல்ல."

"ஊருக்கெல்லாம் மூடிக் குடுத்தீங்க?"

குதிரின் கதையைப் போளூர்க் கடைவீதியில் நின்று எப்படிச் சொல்வது?

"பாடவுட்டு என் போன்ல புடிச்சிக்கலாமா?" என்று கேட்டாள் ரேணுகா.

"பாடவுட்டா சூடாயி நின்னுடும்மா. லென்ஸு சாவற நேரம். இதுக்கு மாத்து லென்ஸும் இப்ப கெடைக்காது. ஒரு தம்மு இருக்குது, அத மூடறதுக்கு வெச்சிக்கணும். மூடிட்டா அப்புறம் எந்த மிஷின்லயும் பாடும், எந்த போன்லயும் ஏத்திக்கலாம். இப்பவே மூடிடட்டா?"

பாண்டுரங்கனின் விரல் பொத்தானுக்குப் போனது. சடையன் அந்தக் கையை எட்டிப் பிடித்தார். "வாணாம்பா."

"நைனா, இன்னா இது? நாளைக்கி வேலை செய்யலேன்னா?"

"வாணாம்னா வாணாம்."

பேருந்து நிலையம் வரை ரேணுகா கூடவே வந்தாள். ஏற்றிவிடும்போதுதான் சொன்னாள். "நைனா, அம்மா இனிமே பாடாது."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு எடம் வெக்கிறே?"

அவருக்குத் தெரியாமல் இல்லை. டாக்டர் சொன்னது புரியாமலும் இல்லை. ஆனால் தெரிந்திருப்பது வேறு, தன் விரலால் அமுக்குவது வேறு. அமுக்கினால் அவள் குரலில் இனி ஒன்றும் சேராது என்று அவரே கையெழுத்துப் போட்ட மாதிரி. அமுக்காவிட்டால் இருப்பதும் போகும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மலையேறினார்.

வீட்டில் பெட்டி மறுபடி உறைக்குள் உட்கார்ந்தது. அவர் பாடவும் விடவில்லை, மூடவும் இல்லை. தினமும் உறையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காட்டுக்குப் போவார்.

காட்டில்தான் அந்த ஏக்கம் அவரைப் பிடித்து ஆட்டியது. முன்பு சூரியன் உச்சிக்கு வந்ததும் புளிய மரத்தடியிலிருந்து "ஏங்க..." என்று ஒரு குரல் வரும். சரிவு முழுக்க ஓடி, எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பும். அப்போது, கூப்பிட்டவுடன் அவர் ஒரு நாளும் போனதில்லை. இன்னும் ஒரு சால், இன்னும் ஒரு கட்டு என்று அவளை மூன்று முறை தொண்டை கிழியக் கத்தவிட்ட பிறகுதான் களைக்கொத்தியைக் கீழே போடுவார். இப்போது அவள் ஒரு பித்தளைச் சொம்பைக் கரண்டியால் தட்டுகிறாள். டங், டங். காற்று எதிரே அடித்தால் அது கேட்பதில்லை. கேட்காத நாளில் அவர் தானாகப் போய்ப் பார்த்தால், சொம்பும் கையுமாக அவள் மரத்தடியில் காத்திருப்பாள். கஞ்சி ஆறியிருக்கும். அவளால் அதைச் சொல்ல முடியாது. அந்த ஒரு வசவுக்காக, ஒரே ஒரு தடவை அவள் வாயால் அந்த வசவைக் கேட்பதற்காக, சடையன் தன் காட்டையே எழுதிக் கொடுத்திருப்பார்.

ஒரு நாள் காலை அவர் மாட்டைக் கட்டிவிட்டு வந்தபோது, உறை மடித்து வைக்கப்பட்டிருந்தது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சுந்தரம்மாள் கோழிகளை வெளியே விரட்டி, நாயையும் மேட்டுக்கு ஓட்டியிருந்தாள். மைக் உரலின்மேல் நின்றது. இத்தனை வருடம் பார்த்துப் பார்த்து எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"இன்னா பண்றே சுந்தரம்?"

அவள் உதட்டின்மேல் விரல் வைத்தாள். தட்டை உள்ளே தள்ளினாள். பெட்டி, தட்டு இல்லை என்றது. எடுத்து மறுபடி தள்ளினாள். முனகி முனகி, கடைசியில் மூன்று என்று காட்டியது. அவள் பதிவுப் பொத்தானை அமுக்கினாள்.

பேசிப் பார்க்கப்போகிறாளோ என்று சடையன் பயந்தார். துளை வழியாகக் காற்று மட்டும் வரும். அதைக் கேட்க அவருக்குத் தெம்பில்லை. ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. முறத்தை எடுத்துச் சாமையைப் புடைத்தாள். அன்றைக்குப் புடைத்ததே மாதிரி, பாட்டு மட்டும் இல்லாமல். உமி பறந்தது. பிறகு முறத்தை வைத்துவிட்டு, சொம்பை எடுத்துக் கரண்டியால் தட்டினாள். டங், டங். கொஞ்சம் விட்டு, வராத புருஷனைக் கூப்பிடுகிற அதே எரிச்சலோடு, மறுபடி டங், டங், டங்.

பதிவை நிறுத்தினாள். சடையனின் வலது கையைப் பிடித்து இழுத்து, விரலை மூடுகிற பொத்தானின்மேல் வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் எடம் இருக்குது சுந்தரம்" என்றார்.

அவள் முறத்திலிருந்து ஒரு பிடி சாமையை அள்ளினாள். அவருடைய இடது உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். மூடிய கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

சடையன் அமுக்கினார்.

விளக்கு மினுக்கத் தொடங்கியது. இருவரும் அசையவில்லை. நடுவில் கரண்ட் ஒரு தடவை மங்கியது, ஸ்டெபிலைசர் 'டக்' என்றது. விளக்கு மங்கி, திரும்பப் பிரகாசமாகி, மினுக்கிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. தட்டு வெளியே வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டி எந்தத் தட்டையும் பார்க்கவில்லை. கடைசி வேலையை முடித்துவிட்டுத்தான் கண்ணை மூடியது என்று சடையன் இன்றைக்கும் அதற்காகப் பரிந்து பேசுவார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை ரேணுகா ஒரு சின்ன டிவிடி பிளேயரும் ஸ்பீக்கருமாக வந்தாள். சடையன் வாசற்படியில் நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. தட்டு சுற்றியது. ஒரு திணறலும் இல்லாமல் சுந்தரம்மாளின் குரல் வந்தது. முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு. சுந்தரம்மாள் அடுப்பைப் பார்த்தபடி கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள், யாரோ ஊரார் பாடுவதைக் கேட்பவள் மாதிரி. மூன்றாவது பாட்டும் முடிந்தது.

"ஏங்க, கஞ்சி ஆறிப்போச்சி. வந்து குடிச்சிட்டு அப்பாலிக்கி..."

அதற்கு மேல் சடையனால் நிற்க முடியவில்லை. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு காட்டுப் பக்கம் நடந்தார். பின்னாலேயே அவருடைய பழைய கத்தலும் அவளுடைய சிரிப்பும் வந்தன. புளிய மரத்தைத் தாண்டிப் போய் வரப்பில் உட்கார்ந்து அழுதார். ஆசை தீர அழுதார். அவள் குரல் கிடைத்துவிட்டது, இனி அது எங்கேயும் போகாது. ஆனாலும் அவள் அவரைக் கூப்பிடவில்லை, என்றைக்கோ இருந்த ஒருவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த முட்டாள் போகவும் இல்லை.

அப்போது கேட்டது. டங், டங். கொஞ்சம் விட்டு, எரிச்சலோடு, டங், டங், டங்.

"வந்துட்டேன், வந்துட்டேன்!" என்று அவர் எழுந்தார். சரிவில் கால் சறுக்கியதைக்கூடப் பார்க்காமல் ஓடிவந்து வாசலில் நின்றார், மூச்சு இரைத்தது. சொம்பு மாடத்தில் இருந்தது. சுந்தரம்மாள் அடுப்படியில் இருந்தாள், கையில் கரண்டியில்லை. பிளேயர் பாடி முடித்து நின்றிருந்தது.

"சி.டி. நைனா அது" என்றாள் ரேணுகா. "அம்மா கூப்பிடல."

"கூப்ட்டுச்சி" என்றார் சடையன். "வந்தேன்."

சுந்தரம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தோள் குலுங்கியது. சத்தமே இல்லாத சிரிப்பு, ஆனால் தட்டில் இருக்கிற அதே சிரிப்பு. அவர் உட்கார்ந்ததும் கிண்ணத்தை முன்னால் நகர்த்தினாள். சடையன் வாயில் வைத்துவிட்டு, சுட்டுக்கொண்டு, கீழே வைத்து ஊதினார். கஞ்சி இன்னும் ஆறவில்லை.